செவ்வட்டச் சீட்டு

வேளாண்மைப் படிப்பில் பூச்சியியல் பாடத்துக்குப் பூச்சிப் பெட்டி செய்து கொடுத்தாக வேண்டும். கோவையில் படித்த காலத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு மருதமலை அடிவாரமெல்லாம் அலைந்தேன். பிடித்த பட்டாம்பூச்சிகளை ஊசியில் குத்தி, இறகை விரித்துக் காயவைத்து, அடியில் சீட்டுச் செருகிக்கொண்டிருந்தபோது அம்மிச்சி கேட்டார்: "செத்துப்போனதுக்கு எதுக்குங் கண்ணு சீட்டு?" அன்று பதில் தெரியவில்லை.

எங்கள் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் முதலில் தேடுவது கல்லைத்தான். கல் இருந்தால் அளந்துவிடலாம். பட்டாம்பூச்சிகளுக்கும் அப்படி ஒரு கல் உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைப்பவர் எந்த உடலைப் பார்த்து வைத்தாரோ, அந்த உடல்தான் மூல மாதிரி. பெயர் அதோடு கட்டப்பட்டது. நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துப் பார்த்தே தீர்க்க வேண்டும்.

சந்தேகம் வராமல் இருக்காது. புதர்ப் பழுப்பன் வகைகளில் மழைக்காலத்தில் பிறப்பதற்கு இறகின் அடியில் கண்போன்ற பொட்டுகள் பெரிதாக இருக்கும். கோடையில் பிறப்பதற்கு அவை சுருங்கிப் புள்ளியாகிவிடும், மொத்த இறகும் காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும். ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் விழுந்த கதைகள் ஏராளம். மூல மாதிரிகளை ஒப்பிட்டு ஒன்றேதான் என்று தெரிந்தால், பொதுவாக முதலில் வைத்த பெயரே நிற்கும்.

நம் மேற்குமலையின் 'கற்கள்' பல கடல் தாண்டிக் கிடக்கின்றன. ஊட்டிப் புல்வெளியில் தாழப் பறக்கும் மஞ்சள் பட்டாம்பூச்சி கோலியஸ் நீலகிரியென்சிஸ். நீலகிரியைப் பெயரிலேயே சுமக்கும் இதற்கு 1859இல் பெயர் வைத்தவர்கள் வியன்னாவின் ஃபெல்டர்கள், அப்பாவும் மகனும். மகனுக்கு அப்போது 16, 17 வயதுதான். அப்பா பின்னாளில் அந்த நகரத்தின் மேயரானார். அவர்கள் சேகரிப்பின் பெரும்பகுதி ராத்ஸ்சைல்டு பிரபுவிடம் போய், அங்கிருந்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நீலகிரிப் புலி எனப்படும் வரிப் பட்டாம்பூச்சிக்கு 1877இல் பெயர் வைத்த ஃபிரெடரிக் மூரும் லண்டன்காரர். நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஜார்ஜ் ஹாம்ப்சன் 1888இல் அம்மாவட்டத்துப் பட்டாம்பூச்சிகளைப் பட்டியலிட்டார்; பிறகு அதே லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார்.

அங்கே மூல மாதிரியின் ஊசியில் சிறிய வட்டச் சீட்டு ஒன்று கூடுதலாக இருக்கும், ஓரம் சிவப்பு. பல உடல்களைச் சேர்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் ஓரம் நீலம். நிறம் வெளுத்து, கொம்பு ஒடிந்து, ஒரு கால் போயிருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மாற்றுக் கிடையாது. மிச்சமிருக்கும் காலின் துணுக்கிலிருந்து இன்று மரபணுவையே எடுக்கிறார்கள்.

அது நம் மலையில் பறந்த உயிர். பார்க்க வேண்டுமென்றால் கோவைப் பிள்ளை லண்டனுக்குப் போக வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டு அதைப் பூச்சி அரிக்காமல் காத்த கைகளை நான் வணங்குகிறேன். 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இறகோடு நிற்காமல் சீட்டையும் படிக்கச் சொல்லுங்கள்: ஊர், தேதி, பிடித்தவர் பெயர்.

என் பெட்டியைப் படிப்பு முடிந்ததும் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு ஐப்பசி கழித்துத் திறந்தேன். அந்துருண்டை கரைந்துபோய், வண்டின் புழு உள்ளே நுழைந்திருந்தது. ஒவ்வொரு ஊசியின் அடியிலும் ஒரு சிட்டிகைப் பழுப்புத் தூள். அதன்மேல் என் கையெழுத்தில், மை கலையாமல், 'மருதமலை' என்ற சீட்டு.