இழுத்த கயிறும் இறைத்த தண்ணீரும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பருவம் ஆகஸ்டு கடைசியில் தொடங்கும். அதற்கு முன்பே வரும் முன்னோட்ட இதழ்களில் ஒரு கணக்கு இருக்கும்: ஒரு புள்ளி எடுக்க அணிக்கு எத்தனை யார்டு செலவானது? 14, 15 என்றால் நடுத்தரம். 12 என்றால் 'முடிக்கத் தெரிந்த அணி' என்று பயிற்சியாளருக்கு மாலை விழும். அந்த மாலை பெரும்பாலும் அவசரத்தில் போட்டது.

ஏன் என்று பார்க்க, அறுபதடிக் கிணற்றில் நீர் இறைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி என்பது ஆட்டத்தில் ஒரு யார்டு, ஓர் இழுப்பு என்பது ஒரு முயற்சி. நாலு இழுப்புக்குள் பத்தடி ஏற்றியாக வேண்டும். தவறினால் வாளி அடிக்கே போய்விடும். மூன்று தடவை இருபதடி ஏற்றி நழுவவிட்டவரும் அறுபதடி கயிறு இழுத்தவர்தான். குடம் காலி. ஒரே தொடராக அறுபதடி இழுத்தவருக்குக் குடம் நிறைந்துவிட்டது: டச்டவுன், 6 புள்ளி, கூடுதல் உதை சேர்ந்தால் 7. விளிம்பு நெருங்கியதும் எட்டிப் பாதி நீரை மட்டும் முகந்துகொள்ளலாம். அது 3 புள்ளி தரும் ஃபீல்டு கோல். கடைசிப் பத்தடியில்தான் வாளி சுவரில் முட்டும், ஏனென்றால் காக்க வேண்டிய இடம் சுருங்கிப்போக, எதிரணியின் 11 பேரும் அங்கேயே நெருக்கி நிற்பார்கள். எதிரணி தன் எல்லைக்கருகே பந்தைத் தவறவிட்டால், மழை பெய்து நீர்மட்டம் ஏறிய மாதிரி. குறைந்த கயிற்றிலேயே குடம் நிறையும்.

என்னை மயக்குவது இதன் பெருக்கல். ஒவ்வொரு பத்து யார்டையும் கடக்கும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு முறை விடாமல் கடந்து டச்டவுன் எடுக்கும் வாய்ப்பு 12 சதவீதம்தான். 70-ஐ 80 ஆக்குங்கள்; 12 என்பது 26 ஆகிறது! ஆனால் சராசரியாக முன்னேறும் தூரமோ 21 யார்டிலிருந்து 30 வரைதான் கூடுகிறது. ஃபீல்டு கோலை ஒதுக்கிப் பார்த்தால், ஒரு புள்ளியின் விலை 25 யார்டிலிருந்து 16-க்கு இறங்கிவிட்டது. முடிக்கும் திறமை என்று எதையும் தனியாகச் சேர்க்கவே இல்லை. எல்லா இழுப்பும் கொஞ்சம் வலுத்தது, அவ்வளவுதான்.

எல்லா யார்டுக்கும் ஒரே மதிப்பில்லை என்று 1971-லேயே எண்ணிக் காட்டியவர்கள் வர்ஜில் கார்ட்டரும் ராபர்ட் மக்கோலும். கார்ட்டர் அப்போது தொழில்முறை அணியில் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர். 1969 தொழில்முறைப் பருவத்தின் 8,373 ஆட்ட அசைவுகளை அலசினார்கள். சொந்த எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தை வைத்திருப்பதன் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே என்று தெரிந்தது.

தாக்குதலே இல்லாமல் வரும் புள்ளியும் இந்தக் கணக்கை மாற்றிவிடும். 2013 நவம்பர் 30, ஆபர்ன் - அலபாமா ஆட்டம். 28-28 என்ற சமநிலையில் கடைசி விநாடி. அலபாமா 57 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் எட்டாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடினார். ஆபர்ன் 34-28 என்று வென்றது. அலபாமாவின் தாக்குதல் யார்டுகள் 495, ஆபர்னுக்கு 393. டேவிஸ் ஓடிய தூரம் அந்த 393-இல் சேராது, அவர் எடுத்த 6 புள்ளி மட்டும் சேரும். அது இல்லாவிட்டால் ஆபர்னுக்கு ஒரு புள்ளியின் விலை 14 யார்டு. அந்த ஒரே ஓட்டத்தால் 11.6.