பாறையும் உருகுமோ?

நாம் நிற்கும் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், "நெருப்புக் குழம்பு இருக்கிறது, சார்!" என்று உடனே விடை வரும். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. கண்டங்களின் கீழ் பூமியின் மேலோடு பெரும்பாலும் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை கனமுள்ளது. அதற்கும் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பதைக் 'கவசம்' என்பார்கள். இவ்விரண்டும் ஏறக்குறைய முழுவதும் கெட்டிப் பாறையே. உருகிய இரும்பு இருப்பது அதற்கும் அப்பால்தான்.

அப்படியானால் எரிமலை கக்கும் குழம்பு எங்கிருந்து வருகிறது? சிற்சில இடங்களில், சிற்சில காலங்களில், கெட்டிப் பாறையின் ஒரு பகுதி மட்டும் உருகுகிறது. இதற்குப் 'பகுதி உருகல்' என்று பெயர். நம் நாட்டு மலைகளும், ஈயமும், தோட்டத்து மண்ணும் இந்தப் பகுதி உருகலால் வந்தவை என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

பாறை எப்படிப் பாதி மட்டும் உருகும்? குச்சி ஐஸ் தின்னும் குழந்தையைக் கவனியுங்கள். வாயில் வைத்து உறிஞ்சியதும் முதலில் வருவது சிவப்பும் இனிப்புமான சாறு. சற்று நேரத்தில் சாறு போய், வெளுத்த, சுவையற்ற பனிக்கட்டி குச்சியில் மிஞ்சுகிறது. உருகி வந்தது ஒன்று, மிஞ்சி நின்றது வேறு. பாறையும் அப்படியே. அது ஒரே பொருளால் ஆனதன்று. பல கனிமங்களின் கலவை. ஆகவே அதற்கு ஒரே உருகுநிலை கிடையாது. சூடு போதிய அளவு ஏறியதும் எளிதில் உருகக் கூடியவை சேர்ந்து குழம்பாகின்றன. மற்றவை கெட்டியாகவே நிற்கின்றன. குழம்பு கனம் குறைந்தது. ஆதலால் இடுக்குகளின் வழியே மெல்ல மேலே ஏறுகிறது. இவ்வாறு ஒரு பாறையிலிருந்து வேறொரு புதுப் பாறை பிறக்கிறது.

பாறை உருகுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சூடு கூடுதல். இது எல்லாருக்கும் விளங்கும்.

இரண்டாவது, அழுத்தம் குறைதல். பிரஷர் குக்கரில் உள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. அழுத்தம் அதை அடக்கி வைக்கிறது. அதுபோலப் பூமியின் ஆழத்தில் மேலுள்ள பாரம் பாறையை உருக விடாமல் தடுக்கிறது. கடல்களின் நடுவே நிலத்தட்டுகள் விலகும் இடங்களில், கவசத்துப் பாறை மேலே எழும்புகிறது. பாரம் குறைகிறது; பாறையில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அந்தக் குழம்பு ஆறி 'பசால்ட்' என்னும் கறுத்த கல்லாகிறது. கடலடித் தரைகள் இக்கல்லால் ஆனவை. குவாந்தானுக்கு அருகில் பத்து ஈத்தாம் கடற்கரையில் காணும் கறுப்புப் பாறைகளும் பசால்ட்தான். அவையும் கவசம் உருகியதால் வந்தவையே.

மூன்றாவது, தண்ணீர் சேருதல். பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவினால் அது விரைவில் உருகுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்குத் தண்ணீரே உப்புப் போன்றது. 1958-இல் டட்டில், போவென் என்னும் விஞ்ஞானிகள் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். ஈரமில்லாதபோது ஏறத்தாழ 1,000 டிகிரி சூடு கேட்கும் கிரானைட், அழுத்தத்தோடு தண்ணீரும் சேர்ந்தால் 700 டிகிரிக்கு அருகிலேயே உருகத் தொடங்கும் என்பது இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இன்றைய தீபகற்ப மலேசியா ஒரு காலத்தில் இரண்டு தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்தது. இடையில் கடல். அந்தக் கடல் சுருங்கி மறைய, நிலங்கள் மோதி இணைந்தன. இணைந்த தையல் கோடு பெந்தோங், ரவூப் வழியாக இன்றும் தெரிகிறது. மோதலில் மேலோடு தடித்தது; அதன் அடிப்பகுதி ஆழத்தில் அமிழ்ந்து சூடேறியது. பழைய களிமண்ணும் மணலும் இறுகிய பாறைகளில் அடங்கியிருந்த நீர் வெளிப்பட, அவை பகுதியாக உருகின. இது நடந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அக்குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்ல ஆறிக் கிரானைட் ஆனது. மேலிருந்தவை மழையில் கரைந்து போக, அதுவே தித்திவங்சா மலைத்தொடராக வெளியே வந்தது. 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலையும் இத்தொடரில் உள்ளதே. உங்கள் வீட்டு அம்மி கிரானைட் கல்லாக இருந்தால் கழுவிவிட்டு உற்றுப் பாருங்கள். அதில் மின்னும் பெரிய மணிகள், மெல்ல ஆறியதற்குச் சாட்சி.

ஈயம் எப்படி வந்தது? குழம்பு ஆறும்போது ஒவ்வொரு கனிமமாக உறைகிறது. ஈய அணுக்களுக்கு அவற்றில் இடம் கிடைப்பதில்லை. அவை எஞ்சிய குழம்பிலும் வெந்நீரிலும் செறிந்து, கடைசியில் பாறை வெடிப்புகளில் ஈயக்கல்லாகப் படிகின்றன. மழை மலையைக் கரைக்க, கனமான ஈயக்கல் கிந்தா பள்ளத்தாக்கின் மணலில் தங்கியது. டூலாங் தட்டில் மணலை அலசிய பெண்கள் அதைத்தான் பிரித்தெடுத்தார்கள். ஈப்போ, கம்பார் போன்ற ஊர்கள் அந்த ஈயத்தால் வளர்ந்தவை. 1985-இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபின் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று நீர் நிறைந்த குட்டைகள் மிஞ்சியிருக்கின்றன.

"தம்பூனில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அடியில் குழம்பு கொதிக்கிறதோ?" என்று சிலர் அஞ்சுவதுண்டு. அச்சம் வேண்டாம். அந்தக் குழம்பு என்றோ உறைந்துவிட்டது. மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கித் திரும்புகிறது. தீபகற்பத்தில் இன்று குமுறும் எரிமலை ஏதும் இல்லை. ஆனால் ஊற்று நீர் உடலைச் சுடக் கூடியது. குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

கடைசியாக, மண். கிரானைட் மக்கி உண்டான மண்ணுக்கு ஜொகூரிலுள்ள ரெங்கம் ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ரப்பரும் செம்பனையும் பரவலாக நிற்பது இந்த ரெங்கம் மண்ணில்தான். அதைக் கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும் மணலும் ஒட்டும் களியும் தெரியும். மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த சரிவில் படர்கொடி போடுவது ஏனென்று இப்போது விளங்கும். வெறுமையாய் விட்டால் ஓரிரு அடைமழையில் மேல்மண் ஆற்றுக்குப் போய்விடும். தோண்டிய ஈயம் மீண்டும் விளையவில்லை. மண்ணும் நம் ஆயுளில் மீண்டும் விளையாது. மலைச்சரிவில் காய்கறி போடுகிறவர்கள் குறுக்கே வரப்புக் கட்டி, நிலத்தை மூடி வையுங்கள்.