கடலோர வீட்டில் கண்ணாடிக் கூடம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பழைய வீட்டின் பின்புறச் சுவரை எடுத்துவிட்டுக் கடலை நோக்கி ஒரு கூடத்தை நீட்டி, முன்பக்கம் முழுவதையும் கண்ணாடிக் கதவுகளாகவும் மேலே கண்ணாடிக் கூரையாகவும் அமைத்துக்கொள்ளும் விருப்பம் பெருகிவருகிறது. அது நியாயமான விருப்பமே; ஆயினும் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அதைத் தாங்கும் சட்டத்தின் மீதும் காட்ட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கனத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ எடையுள்ளது. எனவே 3 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் கொண்ட ஒரே கதவு 180 கிலோ நிறுக்கும். இத்தனை பாரம் உருளும் தண்டவாளத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பதிக்காவிட்டால் கதவு தானே ஒரு பக்கம் ஓடும். மேலுள்ள உத்தரம் காலப்போக்கில் சிறிது தொய்யும் என்பதை எண்ணி இடைவெளி விடாவிட்டால் உத்தரத்தின் பாரம் சட்டத்தில் இறங்கி, கதவு அசையாமல் இறுகிவிடும்.

கதவுக்குரிய டஃபன்டு கண்ணாடி, 600 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டு, குளிர்ந்த காற்றால் சட்டென்று ஆற்றப்படுவதால் சாதாரணக் கண்ணாடியைவிடச் சுமார் நான்கு மடங்கு பலம் பெறுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ இயலாது. ஆதலால் பூச்சும் தரையும் முடிந்த பின்னரே அளவெடுப்பது உசிதம். நடுவில் விழும் அடியைப் பொறுத்துக்கொள்ளும் அதே கண்ணாடி, இறக்கி வைக்கும்போது அதன் ஓரம் கருங்கல் தரையில் இலேசாகத் தட்டினாலும் அக்கணமே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடக்கூடும். அனுபவமுள்ள தொழிலாளிகள் முதலில் ரப்பர்க் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல்தான் அதை நிறுத்துவார்கள்.

உப்புக் காற்றோ உலோகத்துக்கு ஜன்ம விரோதி. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள் சீக்கிரமே பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 ரகமே கடலோரத்துக்கு ஏற்றது. அலுமினியச் சட்டத்தில் பவுடர் கோட்டிங் இல்லாத அறுத்த முனைகளில்தான் அரிப்பு ஆரம்பமாகும்.

கூரையின் தர்மம் வேறு. தலைக்கு மேல் நிற்பது, இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். உடைந்தாலும் துண்டுகள் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். சித்திரையிலும் ஆவணியிலும் சென்னையில் சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. உள்ளே புகுந்த வெயில் உஷ்ணமாக மாறியபின் கண்ணாடி அதை எளிதில் வெளியே விடாதாகையால், உட்புறத் திரையைவிட வெளிப்புற நிழலே பெரிதும் பயன்படும். புயற்காற்று கூரையை அழுத்துவதோடு நில்லாமல் மேல்நோக்கி உறிஞ்சியும் இழுக்கும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலைக் கண்டவர்கள், கூரையைக் கீழே பிணைக்கும் ஆணிகளின் விஷயத்தில் சிக்கனம் பார்க்கமாட்டார்கள்.

மழைநீர் தேங்காதபடி கூரைக்குச் சரிவும், தண்டவாளத்தின் அடியில் ஜலம் வடியும் துளைகளும் அவசியம். அத்துளைகளைக் கடல் மணல் அடைத்துவிடுவதால் மாதந்தோறும் நல்ல தண்ணீர் விட்டு அலம்ப வேண்டும். ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், ரப்பர்க் குழாயால் கூரையின் ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீரைப் பாய்ச்சி, உட்புறம் ஈரம் கசிகிறதா என்று வீட்டுக்காரர் தாமே நின்று பார்த்துக்கொள்வது நலம்.