இரண்டு மேடைகளிலும் பேசிய உனா மார்சன்

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். 1932இல் லண்டனில் போய் இறங்கிய உனா மார்சனிடம் அப்படி யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவரது கறுப்பு நிறமே போதுமானதாக இருந்தது.

ஜமைக்காவின் ஷாரன் கிராமத்தில் 1905இல் பிறந்தவர் உனா. தந்தை பாப்டிஸ்ட் சபைப் போதகர். உதவித்தொகையில் படித்தார். 1928இல் 'காஸ்மோபாலிட்டன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். ஜமைக்காவில் ஒரு பெண் ஆசிரியராக இருந்து வெளியிட்ட முதல் இதழ் அது. வேலைக்குப் போகும் பெண்களின் உரிமைகளை அதில் எழுதினார். கவிதைகளும் நாடகங்களும் படைத்தார்.

அலுவலகப் பணியில் அனுபவம் இருந்தும் லண்டனில் வேலை தர மறுத்தார்கள். பெக்கம் பகுதியில் ஜமைக்கா மருத்துவர் ஹெரால்ட் மூடியின் வீட்டில் தங்கினார். நிறவெறியை எதிர்க்க மூடி 1931இல் தொடங்கிய கழகத்தில் ஊதியமில்லாமல் உழைத்தார். அதன் 'தி கீஸ்' இதழுக்கும் ஆசிரியரானார்.

1935இல் இஸ்தான்புல்லில் சர்வதேசப் பெண்கள் மாநாடு நடந்தது. அந்த மேடையில் உனா பெண்ணுரிமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை, கறுப்பின மக்கள் படும் இழிவையும் எடுத்துச் சொன்னார். கறுப்பின மக்களின் இயக்கத்திலோ பெண்ணின் குரலாக நின்றார். எந்த மேடைக்குப் போனாலும், அங்கே விடுபட்டதைப் பேசியவர் அவர்.

1938இல் ஏழைக் குழந்தைகள் பள்ளிக்குப் போக உதவும் 'சேவ் த சில்ரன்' நிதியத்தை ஜமைக்காவில் தொடங்கினார். உதவி செய்ததோடு வேலை முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் எழுந்த தொழிலாளர் கிளர்ச்சிகளை விசாரித்த அரச ஆணையத்தின் முன்பும் சாட்சியம் சொன்னார். பசிக்குச் சோறு கொடுப்பதும், பசி ஏன் வந்தது என்று கேட்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

1941இல் பிபிசி வானொலியில் முழுநேரப் பணியில் சேர்ந்தார். அங்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளரான முதல் கறுப்பினப் பெண் இவரே. 1943இல் இவர் தொடங்கிய 'கரீபியன் வாய்ஸஸ்' வழியே அத்தீவுகளின் எழுத்தாளர்கள் பலர் உலகுக்குத் தெரிந்தார்கள். 1942இல் அதே வானொலியின் கவிதை நிகழ்ச்சி ஒன்றில் எடுத்த புகைப்படத்தில், 'தீண்டத்தகாதவன்' நாவல் எழுதிய முல்க் ராஜ் ஆனந்தும், இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் உனாவோடு இருக்கிறார்கள். 1965இல் ஜமைக்காவில் அவர் காலமானார்.

பெண்கள் கூட்டத்தில் சாதியைப் பேசினால், 'இங்கே எதற்கு அது?' என்கிறார்கள். சாதி ஒழிப்பு மேடையில் பெண்களின் பிரச்சினையைப் பேசினால், 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே வாயடைத்து நிற்பவர்கள் நம் சேரிப் பெண்கள்தான். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் உனா மார்சனைத் தேடிப் படிக்க வேண்டும். எந்த மேடை கிடைத்தாலும், நம் வாழ்க்கையை முழுதாகப் பேச வேண்டும்.