பந்து ஏன் பாதியிலேயே நிற்கிறது?

மாணவர்களே, நம் அணியின் பந்துக் கடத்தல் தவறினால் உடனே ஆட்டக்காரரைத் திட்டுகிறோம். திடலையும் கொஞ்சம் பார்ப்போம்.

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தின் திடல் 2022-இல் கடும் குறைகூறலுக்கு உள்ளானது. அங்கிருந்தது அகன்ற இலை கொண்ட மாட்டுப்புல். பந்து உருளும்போது புல் அதன் இயக்க ஆற்றலைக் குறைக்கிறது. இதுவே உருளல் உராய்வு. உராய்வு இருமடங்கானால், அதே வேகத்தில் உருளும் பந்து பாதித் தூரமே போகும். பலமாக உதைத்தாலோ, மேடுபள்ளத்தில் துள்ளித் திசைமாறும். பின்னர் அங்கு மெல்லிய இலையுள்ள ஸோய்சியா புல் பதிக்கப்பட்டது.

மெர்லிமாவில் உங்கள் பள்ளித் திடலிலேயே சோதியுங்கள். சாய்பலகையின் ஒரே உயரத்திலிருந்து பந்தை உருட்டுங்கள். வெட்டிய புல்லிலும் வெட்டாத புல்லிலும் அது போகும் தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். பிறகு சொல்லுங்கள், குறை காலிலா, புல்லிலா?