தோல் சாய்வு நாற்காலி

தோல் சாய்வு நாற்காலி என்பது மரம் அல்லது உலோகச் சட்டத்தின் மீது தோல் போர்த்தப்பட்ட, சாய்ந்து ஓய்வெடுப்பதற்கான இருக்கை ஆகும். இதன் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எந்த வகைத் தோல், எத்தகைய சட்டம். இவற்றை முன்பக்கத் தோற்றத்தை மட்டும் பார்த்து அறிய இயலாது. எனவே பழையதாயினும் புதியதாயினும், இருக்கையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே விலை பேசுவது நல்லது.

தோல் வகைகள்

விலங்குத் தோலின் மேலடுக்கே உறுதியானது. மேற்பரப்பைத் தேய்க்காமல் பயன்படுத்தும் தோல் கடைகளில் 'ஃபுல் கிரெய்ன்' எனப்படும். மேலடுக்கைப் பிரித்தபின் எஞ்சும் கீழடுக்கு 'ஸ்பிளிட்' எனப்படும். இது வலிமை குறைந்தது. தோல் துகள்களைப் பசையுடன் அழுத்தித் துணியின் மீது ஒட்டி, பாலியூரித்தேன் பூசியது 'பாண்டட் லெதர்'. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் இப்பூச்சு சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியக்கூடும். உரிந்தால் சரிசெய்வது கடினம். ரெக்சின் என்பது துணியின் மேல் செயற்கைப் பூச்சிட்டது. அதில் தோல் இல்லை.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம் பட்டை கொண்டு பதனிடுவது இங்கு நெடுங்கால வழக்கம். இருக்கைகளுக்கான தோல் இன்று பெரும்பாலும் குரோமிய உப்புகளால் பதனிடப்படுகிறது. இது மென்மையாக இருக்கும். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

பழைய இருக்கைகள்

மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உள்ளன. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு மரப் பொருட்கள் இங்கு விற்பனைக்கு வருகின்றன. தமிழ்நாட்டின் பழைய ஈசி சேர்கள் பெரும்பாலும் பிரம்பு பின்னியவை அல்லது தடித்த துணி மாட்டியவை; வியர்வைக்கு அவையே ஏற்றவை. ஆகவே பழைய சட்டத்தில் தோல் காணப்பட்டால், அது பிற்காலத்தில் போர்த்தப்பட்டதா எனச் சோதிக்க வேண்டும். பிரம்பு கோத்த துளைகள், பழைய ஆணித் தடங்கள் ஆகியவை இதற்குச் சான்று. இப்படி மாற்றியமைத்த இருக்கையை வாங்குவதில் தவறில்லை; ஆனால் அதற்குப் பழமையான தோல் இருக்கையின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

நவீன வடிவங்கள்

மீஸ் வான் டெர் ரோ, லில்லி ரைக் ஆகியோரின் பார்சிலோனா நாற்காலி (1929), சார்லசு ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையரின் ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி (1956) ஆகியவை புகழ்பெற்றவை. ஈம்ஸ் நாற்காலியை அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனம் தயாரிக்கிறது. இதன் நகல்கள் ஏராளம். மூல வடிவத்தில் சாய்வுக் கோணம் நிலையானது. கோணத்தை மாற்றும் பிடி இருந்தால் அது நகல். தொடக்ககால இருக்கைகளின் ஒட்டுப்பலகையில் 5 அடுக்குகளும், பிற்காலத்தவற்றில் 7 அடுக்குகளும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- மெத்தையின் ஜிப்பைத் திறந்து தோலின் பின்புறத்தைப் பார்க்கவும். நார் நாராக இருந்தால் தோல்; நெய்த துணி தெரிந்தால் பாண்டட் லெதர் அல்லது ரெக்சின்.
- மேற்பரப்பின் துளைகள் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், அது அச்சிட்ட வடிவம்.
- 'லெதர்' என்று மட்டும் சொன்னால் போதாது. உட்காரும் பகுதி, முதுகுப் பகுதி, பக்கங்கள் ஆகியவற்றில் எது தோல் என்பதைப் பில்லில் எழுதி வாங்கவும்.
- பழைய மரச்சட்டத்தில் செல்லரித்த துளைகள், ஆடும் பொருத்துகள் உள்ளனவா எனப் பார்க்கவும்.
- தலைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ள வீட்டில், மேற்பூச்சில்லாத 'அனிலின்' தோலில் தலைசாயும் இடம் விரைவில் கறுக்கும். நிறப்பூச்சுள்ள தோல் ஏற்றது.

சட்ட வரம்புகள்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத தொல்பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம். தொடக்ககால ஈம்ஸ் இருக்கைகளில் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகமும் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

பராமரிப்பு

நேரடி வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தூசியை உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சுவரை ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். நல்ல சட்டமுள்ள இருக்கையில் தோல் தேய்ந்தால், குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்துப் புதிதாகப் போர்த்திக்கொள்ளலாம். சட்டம் பழுதான இருக்கைக்கு நல்ல தோல் போர்த்தியும் பயனில்லை.