தேய்ந்த உடலுக்கு யார் பொறுப்பு?

என்ஜின் பழுதானால் இழுத்துச் செல்லப் பணிமனை உண்டு. பெட்டி உடைந்தால் சீர்செய்யப் பட்டறை உண்டு. தண்டவாளம் தேய்ந்தால் மாற்றிப் போடப் பணம் உண்டு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. முப்பதாண்டுக் காலம் அந்த என்ஜினை ஓட்டி, அந்தப் பெட்டியைக் கோத்து, அந்தத் தண்டவாளத்தைக் காத்து நின்றானே ஒரு மனிதன், அவன் தேய்ந்துபோனால்? அவனுக்கு எந்தப் புத்தகத்திலே, எந்தப் பக்கத்திலே இடம்?

இந்தக் கேள்வியைக் கேட்டார்கள், தோழர்களே, பணநாயகத்தின் பாசறை என்று பெயரெடுத்த அமெரிக்க நாட்டிலே! கேட்டவர்கள் இரயில்வேத் தொழிலாளர்கள். கேட்டதோடு நிற்கவில்லை, சட்டம் போட வைத்தார்கள். இன்று அங்கே, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் இரயில்வேத் தொழிலாளி 65 வயதை எட்டினால், 'மெடிகேர்' எனும் சர்க்கார் மருத்துவ இன்ஷூரன்சின் அட்டை அவர் வீட்டுக்கு வந்து சேருகிறது. அந்த அட்டையிலே இரயில்வே ஓய்வூதிய வாரியத்தின் பெயர் பொறித்திருக்கிறது. மற்ற முதியோருக்கு அட்டை வேறு, இவருக்கு வேறு.

ஏன் இந்தத் தனி அடையாளம்? சலுகையா? சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்த சன்மானமா? இல்லை. போராடிப் பெற்ற பங்கு அது. அந்த வரலாறு உழைப்பவர் ஒவ்வொருவரும் உணரத்தக்கது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க இரயில் கம்பெனிகள் பல ஓய்வூதியம் கொடுத்துவந்தன. கொடுத்தன என்றால் எப்படி? விரும்பினால் கொடுப்போம், வேண்டாமென்றால் நிறுத்துவோம் என்ற நிபந்தனையோடு! உரிமை அல்ல அது, உபகாரம். 1929இல் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. சரக்கு குறைந்தது, வண்டி குறைந்தது, வருமானம் குறைந்தது. வயதானவர்கள் வேலையை விட முடியவில்லை, விட்டால் சோறில்லை. இளைஞர்கள் வேலைக்குள் நுழைய முடியவில்லை, நுழைய இடமில்லை. கம்பெனியின் கருணையை நம்பியிருந்தவர்களின் கண் திறந்தது.

தொழிற்சங்கங்கள் திரண்டன. 1934இல் காங்கிரஸ் மன்றம் இரயில்வே ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். கம்பெனிகள் என்ன செய்தன? வாழ்த்துப் பத்திரமா வாசித்தன? வழக்கு மன்றத்துக்கு ஓடின! 1935ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டம் செல்லாது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நான்கு நீதிபதிகள் மறுபுறம். முதிய தொழிலாளிக்கு ஓய்வூதியம் தருவதற்கும் இரயில் பாதுகாப்பாக ஓடுவதற்கும் தொடர்பில்லை என்பது அந்த ஐவரின் கருத்து. தலைமை நீதிபதி ஹியூஸ் அதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஒரே ஒரு வாக்கு! ஒரே ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் மனம், லட்சக்கணக்கான முதியவரின் வாழ்வை நிர்ணயித்தது.

தொழிலாளர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. அதே 1935இல் மற்றொரு சட்டம் வந்தது. அதற்கும் வழக்கு வந்தது. இறுதியில் கம்பெனிகளும் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து உடன்பாடு கண்டன. அதன்மேல் எழுந்தது 1937ஆம் ஆண்டுச் சட்டம். அதை நடத்தும் வாரியத்தில் மூன்றே நாற்காலிகள். ஒன்று தொழிலாளர் தரப்புக்கு, ஒன்று கம்பெனிகள் தரப்புக்கு, ஒன்று பொதுமக்கள் சார்பில் தலைவருக்கு. தொழிலாளியின் பணத்தை ஆளும் இடத்தில் தொழிலாளியின் ஆள்! இந்த ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது.

ஓய்வூதியம் வந்தது. வயிறு ஓரளவு நிறைந்தது. வியாதி? 1960களின் தொடக்கத்தில், 65 வயது கடந்த அமெரிக்கரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருத்துவமனைச் செலவுக்கான இன்ஷூரன்சே கிடையாது. வயதானவர் வியாதிக்காரர், வியாதிக்காரரைச் சேர்த்தால் இலாபம் குறையும், ஆகவே தனியார் கம்பெனிகள் கதவைச் சாத்தின. 1945இலேயே ட்ரூமன் எல்லோருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டுமென்று கேட்டுத் தோற்றிருந்தார். மருத்துவர் சங்கம் முன்னின்று எதிர்த்தது. 1961இல், அப்போது நடிகராயிருந்த ரேகனைக் கொண்டு ஓர் இசைத்தட்டே வெளியிட்டார்கள், இது வந்தால் சோஷலிசம் வந்துவிடும், சுதந்திரம் போய்விடும் என்று எச்சரித்து! கிழவன் ஒருவன் கட்டிலில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டால் சுதந்திரம் போய்விடுமாம்! எப்படிப்பட்ட சுதந்திரமோ அது!

1965ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், ட்ரூமனின் ஊருக்கே சென்று, அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, மெடிகேர் சட்டத்தில் கையொப்பமிட்டார் ஜான்சன். முதல் அட்டை ட்ரூமனுக்கு. அந்தச் சட்டத்திலேயே இரயில்வேத் தொழிலாளரின் இடமும் உறுதியாயிற்று. அவர்களைப் பதிவு செய்வதும், சந்தா பிடிப்பதும் இரயில்வே ஓய்வூதிய வாரியத்தின் பொறுப்பாயின.

இன்னொன்றும் நடந்தது. நாம் அழுத்தந்திருத்தமாகச் சொல்லவேண்டிய ஒன்று. அமெரிக்கத் தென்பகுதியில் வெள்ளையருக்கு ஒரு மருத்துவமனை, கருப்பருக்கு வேறு. ஒரே மருத்துவமனையாயினும் தனித்தனி வார்டு. புல்மன் தூங்கும் வண்டிகளில் படுக்கை விரித்து, பெட்டி சுமந்து, காலணி துடைத்து ஆயுளைக் கழித்த கருப்பினப் போர்ட்டர்கள், 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டவர்கள், இரயில்வே ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். ஆனால் நோயுற்றால் அவர்களுக்குக் கிடைத்தது பின்வாசல்! 1966இல் மெடிகேர் நடைமுறைக்கு வந்தபோது சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது: நிறபேதம் பார்க்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் பேதத்தைக் கைவிட்டன. பல்லாண்டு உபதேசம் திறக்காத கதவைப் பணப்பெட்டியின் சாவி திறந்தது!

சரி, இந்தத் திட்டம் நடப்பது எப்படி? வேலை செய்யும் காலத்திலேயே தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 1.45 பங்கு மருத்துவ வரியாகப் பிடிக்கப்படுகிறது. கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது. அதற்கு ஈடாக, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான முதல் பகுதிக்குப் பிற்காலத்தில் சந்தா இல்லை. மருத்துவர் கட்டணத்துக்கான இரண்டாம் பகுதிக்கு மாதச் சந்தா உண்டு. 2025இல் அது 185 டாலர். ஓய்வூதியத்திலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். மற்ற முதியோரின் மருத்துவர் பில்களை வட்டாரவாரியாகப் பல நிறுவனங்கள் பைசல் செய்கின்றன. இரயில்வேக்காரரின் பில்களுக்கோ நாடு முழுமைக்கும் ஒரே நிறுவனம். கிழக்குக் கோடியில் இறங்கினாலும் மேற்குக் கோடியில் இறங்கினாலும் கணக்கு ஓரிடத்தில். இரயில்வேக்காரனுக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஆனால் டாக்டர் வீட்டுக் குமாஸ்தா அட்டையைச் சரியாகப் பார்க்காமல் வட்டார நிறுவனத்துக்குப் பில்லை அனுப்பினால், அது மறுக்கப்பட்டுத் திரும்புகிறது. கடிதம் மட்டும் கிழவருக்கு வருகிறது!

இதோடு எல்லாம் இனிமை என்று நாம் சொல்லவில்லை. ஓட்டைகள் உண்டு, எண்ணிக் காட்டுவோம்.

முதலாவது, ஐந்தாண்டுப் பள்ளம். 30 ஆண்டு உழைத்தவர் 60 வயதில் முழு ஓய்வூதியத்தோடு விலகலாம் என்று 2001ஆம் ஆண்டுச் சட்டம் இசைவளித்தது. மெடிகேரோ 65இல். இடைப்பட்ட ஐந்தாண்டில் நோய் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா? பெரிய கம்பெனிகளின் தொழிலாளர்க்குச் சங்க ஒப்பந்தத்தின் வழியே தனியார் இன்ஷூரன்ஸ் உண்டு. அதற்கும் வாழ்நாள் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தமில்லாத சிறு கம்பெனித் தொழிலாளியின் கதி?

இரண்டாவது, ஊனமுற்றோர் படும் பாடு. இருபதாண்டு உழைத்தபின் தன் இரயில் வேலையைச் செய்ய முடியாதபடி உடல் கெட்டால், வயது எதுவாயினும் ஓய்வூதியம் உண்டு. ஆனால் 65க்கு முன் மெடிகேர் வேண்டுமானால், எந்த வேலையும் செய்ய இயலாதவர் என்று மெய்ப்பிக்கவேண்டும். பொதுவாக மேலும் 24 மாதம் காத்திருக்கவேண்டும். முதுகு ஒடிந்தவன் என்ஜினில் ஏற முடியாதுதான், நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கலாமே என்று வாதாட இடமிருக்கிறது. உட்கார்ந்து பார்த்தவனுக்கல்லவா தெரியும் முதுகுவலி!

மூன்றாவது, காது! வாழ்நாளெல்லாம் என்ஜின் இரைச்சலும் ஊதுகுழல் ஓலமும் கேட்டுக் கேட்டுச் செவி மந்தமானவர் இரயில்வேக்காரர். சர்க்கார் நேரடியாக நடத்தும் மெடிகேரிலோ காது கேட்கும் கருவிக்குப் பணம் கிடையாது. வழக்கமான பல் வைத்தியத்துக்கும், மூக்குக் கண்ணாடிக்கும் பெரும்பாலும் இல்லை. மருத்துவர் பில்லிலும், ஆண்டின் முதல் 257 டாலரையும் (இது 2025 கணக்கு), அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் நோயாளியே கட்டவேண்டும். உழைப்பு எதைப் பறித்ததோ, அதைத் திருப்பித் தரத் திட்டம் தயங்குகிறது!

வேலையிலிருப்போர் நிலையைப் பார்த்தால் இந்தத் தயக்கத்தின் வேர் தெரியும். 2022இல் நோய்க்காலச் சம்பள விடுப்புக் கேட்டு இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் விளிம்புக்கு வந்தார்கள். டிசம்பரில் காங்கிரஸ் மன்றம் சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. ஏழு நாள் விடுப்புத் தீர்மானம் செனட்டில் ஆதரவாக 52, எதிராக 43 பெற்றது. தேவை 60 என்ற விதியால் வென்றும் தோற்றது! சங்கங்கள் ஓயவில்லை, 2023இல் பல கம்பெனிகளிடம் பேசிச் சில நாட்களேனும் பெற்றன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கருணையாக வந்தது 1929இல் கரைந்தது. சட்டமாக வந்தது நின்றது. பணம் கட்டியவன் நிர்வாகத்திலும் அமர்ந்தான், அதனால் நிலைத்தது. எழுதாமல் விடப்பட்ட இடமெல்லாம் இன்று ஓட்டையாக நிற்கிறது: ஐந்தாண்டுப் பள்ளம், இரண்டாண்டுக் காத்திருப்பு, கேளாத காது. அந்த ஓட்டைகளை அடைக்கக் கம்பெனியின் கருணை வராது, நீதிமன்றத்தின் பெருமூச்சு வராது. 1934இல் வந்தவர்களே மீண்டும் வரவேண்டும்: திரண்ட தொழிலாளர்கள்!

என்ஜினுக்கு எண்ணெய் போடுவதை எவரும் தருமம் என்று சொல்வதில்லை. அதை ஓட்டியவனுக்கு மருந்து கொடுப்பதும் தருமமல்ல. பாக்கி! உழைப்பு கொடுத்த கடனின் பாக்கி! கொடுத்தவன் கேட்கிறான், வாங்கியவர்கள் கணக்கைத் தீர்க்கட்டும்.